கத்தரிப்புக்கு முந்தைய பட்டினி

நூல்காரிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய நாத்தனார். எங்கே போனாலும் அவள் மேல் ஒரு கம்பளி இழை ஒட்டிக்கொண்டு கூடவே வரும். புருவத்தில், காது மடலில், சில நாள் டீ டம்ளரில். "நூல்காரி போட்ட டீ, வடிகட்டிக் குடிங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாத்தனார் சொல்லப்போக, பால்காரர் முதல் தபால்காரர் வரை அதுவே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

அவள் ஒன்றும் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள் இல்லை. ஒன்பது வருஷம் ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமான ஐந்தாம் மாதம் புருஷன் ஒரு லாரியில் ஏழு கம்பளி ஆடுகளோடு வந்து இறங்கினான். இனிமேல் நாம்தான் முதலாளி, வேலையை விட்டுவிடு என்றான். விட்டாள். இரண்டு வருஷம் கழித்து முதலாளி வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போனார். அங்கே ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பெண், அப்புறம் ஒரு குழந்தை. ஆடுகள் இங்கேயே நின்றன. அவனுடைய அக்காவும் இங்கேயே நின்றுவிட்டார்.

தம்பி பின்னாலேயே போகவில்லையா என்று நாத்தனாரிடம் கேட்காத ஆள் இல்லை. "அங்க போய் புதுசா ஒருத்திகிட்ட முதல்லேருந்து சண்டை போடணும். இங்க பாதி சண்டை போட்டு வச்சிருக்கேன், அதை யார் முடிக்கிறது?" என்பார். அந்தப் பாதி சண்டை பதினான்கு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

ஆடுகளோடு என்ன செய்வது என்று தெரியாமல் முதல் வருஷம் நூல்காரி உட்கார்ந்து அழுதாள். இரண்டாம் வருஷம் அழ நேரம் கிடைக்கவில்லை. வெட்டிய ரோமத்தைச் சுடுதண்ணீரில் முக்கி வைக்க வேண்டும், துணி மாதிரிக் கும்மக் கூடாது, கும்மினால் இறுகிப்போய்ப் பாயாகிவிடும் என்பதை ஒரு வருஷ ரோமத்தைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டாள். முன்னறையில் முதலாளி போட்டு உட்கார்ந்த மேஜையைக் கழித்துவிட்டுக் கம்பி வலை அடித்த மேஜை ஒன்றைப் போட்டாள். மூன்று தொட்டி, இரண்டு ஆணிச் சீப்பு, ஒரு ராட்டை. கம்பளி அறை என்றால் அதுதான். ரோமம் அங்கே அழுக்காக நுழைந்து நூல் கண்டாக வெளியே வரும்.

எல்லாம் அவள் கைக்கு வந்தது, ஒன்றைத் தவிர. ரோமம் வெட்ட வரவில்லை. அதற்கு ஆட்டை உட்கார வைத்து, முட்டிக்கு நடுவில் இடுக்கி, ஒரே இழுப்பில் தோலோடு ஒட்டி மெஷினை ஓட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் அது தெரிந்தவர் ஒரே ஒருவர். கத்தரிக்காரர் என்பார்கள். முந்நூறு, நானூறு ஆடு உள்ள பெரிய பண்ணைகளுக்கு நடுவில் போனால் போகிறது என்று இவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் கொடுப்பார். ஆட்டின் ரோமம் காய்ந்திருக்க வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பார். வேறு எதையும் கேட்க மாட்டார், இந்த இரண்டில் விட்டும் கொடுக்க மாட்டார். தின்றுவிட்டு வந்த ஆட்டை மடக்கி உட்கார வைத்தால் வயிறு நெஞ்சை அழுத்தும், மூச்சு முட்டும், உதைக்கும், பிளேடு சதையில் இறங்கும். எங்கேயோ ஒரு பண்ணையில் அப்படி ஒரு ஆடு அவர் கையிலேயே போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஆட்டின் வயிற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

போன வருஷம் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்குக் காரணம் ஒத்தக்காது.

ஒத்தக்காது என்பது நாய் கடித்து இடது காதை இழந்த ஆடு. மந்தையிலேயே நீளமான, வெண்ணெய் மாதிரியான ரோமம் அதற்குத்தான். திருட்டு புத்தியும் அதற்குத்தான். கதவுக் கொண்டியை மூக்கால் நெம்பித் திறக்கத் தெரியும், தீனி டிரம் மூடியை நெற்றியால் முட்டித் தள்ளத் தெரியும். போன வருஷம் கத்தரிப்புக்கு முதல் நாள் ராத்திரி அது தான் தின்றது போதாதென்று கொட்டகைக் கதவையும் திறந்துவிட்டு ஊருக்கே விருந்து வைத்துவிட்டது. காலையில் இருபத்து மூன்று வயிறும் பானையாக இருந்தன. கத்தரிக்காரர் மெஷினை எடுக்கவே இல்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெட்டாத ரோமத்தோடு வெயில் காலம் வந்தது. ரோமம் முதுகிலேயே இறுகியது, அடியில் வேர்வை, வேர்வையில் ஈ, ஈ வைத்த புழு. நூல்காரி துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் பார்த்தாள். இரண்டு ஆட்டுக்குத் தோல் கிழிந்ததுதான் மிச்சம். நான்கு ஆடு செத்தது. புழு அரித்த ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்ட அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வருஷமும் கத்தரிப்பு தவறினால் மிச்சமிருக்கும் பத்தொன்பதும் இந்த வெயிலைத் தாண்டாது. இதில் பன்னிரண்டு சினை ஆடு. ஒத்தக்காது வயிற்றில் இரண்டு குட்டி என்று மருத்துவர் மெஷின் வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

ஆகவே இந்த வருஷம் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று கத்தரிக்காரர் சொல்லியிருந்தார். ஞாயிறிலிருந்தே வைக்கோல் தூசி ரோமத்தில் ஏறக் கூடாது என்று பாதித் தீனி. செவ்வாயன்று பின்பக்கம் சாணி கட்டிய ரோமத்தை நறுக்கினாள், பலகைத் தரையைக் கழுவிக் காயப் போட்டாள், பிளாஸ்டிக் சாக்குகளை எல்லாம் தூக்கிக் கடாசிவிட்டுத் துணிச் சாக்கு வாங்கி வைத்தாள். பிளாஸ்டிக் நார் ஒன்று ரோமத்தில் கலந்தாலும் சீப்பில் போகாது, நூலில் போகாது, சாகும்வரை இருக்கும். புதன் மத்தியானம் வானம் கறுத்தது. நனைந்தால் தீர்ந்தது கதை என்று அடித்துப் பிடித்துப் பதினெட்டையும் கொட்டகைக்குள் ஓட்டினாள். அதோடு தீனி நிறுத்தம். ஒத்தக்காதை மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கம்பளி அறையில் விட்டு, வெளியே பூட்டி, சாவியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாலிய கழட்டி எறிஞ்ச கழுத்துல இப்ப ஒரு ஆட்டுச் சாவி" என்றார் நாத்தனார்.

"இது ஓடிப்போகாது அண்ணி."

வியாழன் ஆறு மணிக்கு வேன் வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. எட்டரைக்குத்தான் கத்தரிக்காரர் போன் எடுத்தார். பெரிய பண்ணையில் மழைக்கு ஆடு நனைந்துவிட்டது, காய்ந்து கொண்டிருக்கிறது, மத்தியானம் வந்துவிடுகிறேன் என்றார். மத்தியானம் கேட்டால் சாயங்காலம் என்றார். கொட்டகையில் ஆடுகள் கத்த ஆரம்பித்திருந்தன. நூல்காரி வாளியைக் கையில் எடுத்தால் போதும், பதினெட்டுத் தலையும் ஒரே பக்கம் திரும்பும்.

மூன்று மணிக்கு நாத்தனார் முட்டி வலியோடு நொண்டிக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வந்தார். "ஒரு நாள் ஆச்சு. கொஞ்சம் வைக்கோல் போடேன்."

"சாயங்காலம் வந்துடுவார்."

"வந்தா வரட்டும். வயித்துல குட்டி வச்சிருக்கிறதெல்லாம் எப்படித் தாங்கும்? அந்த ஆளு ஒரு ராத்திரி பட்டினி போடத்தானே சொன்னான்."

"அந்த ராத்திரி தள்ளிப்போயிருக்கு அண்ணி, அவ்வளவுதான். இப்ப போட்டு, அவர் வந்து வயித்தைத் தொட்டுப் பாத்துட்டுத் திரும்பிப் போனா? திரும்ப இடுக்கியோட நீங்க உக்காருவீங்களா?"

"நானும்தான் உக்காந்தேன். உன் ஒருத்தி கண்ணுலயா புழு தெரிஞ்சுது?"

"அப்ப பேசாம இருங்க."

நாத்தனார் பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போனார். அப்போதே நூல்காரி சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான்கு மணிக்குமேல் கத்தரிக்காரர் போன் அணைந்துவிட்டது. அவளுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. மெயின் ரோட்டுக்குப் போய் நின்றால் வேன் சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல அரை மணி நேரம் நடந்து போய் நின்றாள். ஒவ்வொரு வெள்ளை வண்டிக்கும் கையைத் தூக்கினாள். பால் வண்டி, பள்ளிக்கூட வண்டி, யாரோ சாமான் மாற்றிக்கொண்டு போகிற வண்டி. பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலை உங்களுதுதாம்மா, சத்தியமா, என்றார் கத்தரிக்காரர். அவள் சரிங்க என்றாள். ஏன் சரிங்க என்றாள்? வேறு என்ன சொல்வது? அந்த ஆளை விட்டால் நாதி கிடையாது.

திரும்பி வந்தபோது கொட்டகையில் சத்தம் அடங்கியிருந்தது. கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டன என்று நினைத்தாள்.

வெள்ளி விடியும்போதே எழுந்தாள். கொட்டகையில் பதினெட்டும் நின்றுகொண்டிருந்தன, தெம்பாகவே தெரிந்தன. பாவம், எப்படித் தாங்குதுகள் பார், நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று நினைத்தாள். கம்பளி அறைக் கதவில் காதை வைத்தாள். உள்ளே கரக், கரக் என்று பல் சத்தம் கேட்டது. ஒத்தக்காது அசை போடுகிறது என்று நினைத்தாள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. தூங்கட்டும், திருட்டுக் கழுதை, திறந்தால் பாய்ந்து வெளியே ஓடிவிடும் என்று விட்டுவிட்டு, மறுபடியும் ரோட்டுக்குப் போனாள்.

ஆறே முக்காலுக்கு வேன் வந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தி, முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். கத்தரிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. வந்துவிட்டார், அது போதும். வீட்டுக்கு வந்து பலகைத் தரையில் தார்ப்பாய் விரித்து, முதல் ஆட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கத்தரிக்காரர் குனிந்து விலாவுக்குக் கீழே கையை வைத்தார். அழுத்தினார். இன்னொரு ஆட்டைப் பிடித்து அழுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தீனி போட்டிருக்கீங்களேம்மா."

"இல்லைங்க. புதன்கிழமை மத்தியானத்துலேருந்து ஒரு வாய் போடலை."

"கை பொய் சொல்லாதும்மா. வயிறு கல்லு மாதிரி இருக்கு. இப்ப தின்னது."

நூல்காரி கொட்டகைக்குள் ஓடினாள். கொட்டகைத் தொட்டியைப் பார்த்தாள். நக்கித் துடைத்திருந்தது. மூலையில் புதுச் சாணி. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார். "நேத்து நீ ரோட்டுக்குப் போனப்பவும் போட்டேன், இன்னிக்கும் போட்டேன். ரெண்டு தடவை."

நூல்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தம்பிய மாதிரியே அக்கா" என்றாள் நிதானமாக. "அவன் சொல்லிட்டாவது கெடுத்தான். நீங்க கூட இருந்து கெடுத்தீங்க. பதினாலு வருஷம் இங்க உக்காந்து தின்னது இதுக்குத்தானா?" வாயிலிருந்து வந்துவிட்டது. நாத்தனார் முகம் செத்துப்போனது.

கத்தரிக்காரர் பெட்டியை மூடுவதற்குள் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. "ஒண்ணு இருக்குங்க. ஒத்தக்காது. அதைப் பூட்டி வச்சிருக்கேன். அதுக்கு யாரும் போட்டிருக்க முடியாது. அது ஒண்ணையாவது வெட்டிட்டுப் போங்க" என்று கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

அறைக்குள் அழுகிய பழ வாசனை அடித்தது. அந்த அறையில் பழமே கிடையாது. ஒத்தக்காது அதே மூலையில், அதே மாதிரி, நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் தூக்கினாள். வாசனை அதன் மூச்சிலிருந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. கரக், கரக். அசை போடுகிறது என்று நினைத்தாளே, வெறும் வயிற்றில் எதை அசை போடும்? இத்தனை வருஷம் ஆட்டோடு கிடந்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லையா? கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினாள். இமை அசையவில்லை.

கத்தரிக்காரர் பின்னாலேயே வந்து மண்டியிட்டு, பழக்க தோஷத்தில் அதன் வயிற்றில் கையை வைத்தார். "இது ஒண்ணுதான் வெட்டுற பதத்துல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டார். "சினைன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா. சினை ஆட்டுக்கு ஒரு ராத்திரிக்கு மேல கூடாது. ரெட்டைன்னா அதுவே அதிகம். வயித்துல இருக்கிறது தாய உள்ளேருந்து தின்னுடும்."

"சர்க்கரை" என்றார் நாத்தனார். யாரும் சொல்லாமலே அடுப்படிக்கு நொண்டிக்கொண்டு போயிருந்தார். டப்பாவிலிருந்த சர்க்கரை முழுவதையும் சுடுதண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். நூல்காரி தலையை மடியில் வைத்துக்கொண்டாள், நாத்தனார் ஸ்பூனால் கடைவாயில் ஊற்றினார். பாதி உள்ளே போனது, பாதி அவள் சேலையில் வழிந்தது. கத்தரிக்காரர் மருத்துவருக்குப் போன் போட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், ஊற்றிக்கொண்டே இருங்கள் என்றார் மருத்துவர். ஊற்றினார்கள். "திருட்டுக் கழுதை, முழுங்கு. டிரம்மைத் திறந்து விடுறேன். எல்லாத்தையும் திறந்து விடுறேன், முழுங்கு" என்று நூல்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். பூட்டாமல் விட்டிருந்தால் அது தானே திறந்து தானே தின்றிருக்கும். இந்தப் பண்ணையில் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆடு அது ஒன்றுதான்.

பத்து மணி சுமாருக்குப் பல் சத்தம் நின்றது. நல்லாகிறது என்று நினைத்தாள். அதற்குப் பிறகும் அவள் கைக்கு அடியில், வயிற்றுக்குள், இரண்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. அப்புறம் அதுவும் நின்றது.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, மற்ற பதினோரு சினை ஆட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மூச்சை முகர்ந்தார், கண்ணைப் பார்த்தார். "இதுங்களுக்கு ஒண்ணும் இல்லை. நேத்து சாயங்காலம் தீனி போட்டது நல்லதாப் போச்சு. இல்லாட்டி இன்னிக்கு இங்க நாலஞ்சு கிடந்திருக்கும்" என்றார். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

கத்தரிக்காரர் போகவில்லை. அடுத்த பண்ணைக்குப் போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்றார். தாமதம் தன்னுடையது, மூன்று மணிக்கு வயிறு தளர்ந்துவிடும், பதினெட்டையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, கம்பளி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "சூடு ஆறதுக்குள்ள எடுத்துட்டா அந்த ரோமமும் வீணாகாதும்மா. ரெண்டு வருஷ ரோமம்" என்றார்.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மந்தையிலேயே உசத்தியான ரோமம். இதற்காகத்தானே அவள் பாதித் தீனி போட்டாள், தூசி படாமல் தனி அறையில் வைத்தாள்.

"வேணாங்க" என்றாள். "அதுக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு. போர்த்திக்கிட்டே போகட்டும்."

வேலிப்பக்கம் குழி வெட்டியது கத்தரிக்காரர்தான். மூன்று மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. வேலை என்று ஆரம்பித்துவிட்டால் நின்று அழ முடியாது. வெட்டி விழுகிற ரோமத்தை ஒரு போர்வைபோல அள்ளிக்கொண்டு ஓடி, வலை மேஜை மேல் விரிக்க வேண்டும். ஓரத்து அழுக்கைப் பிய்த்தெறிந்து, உருட்டிச் சாக்கில் போடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நூல்காரி மேஜைக்கு ஒரு பக்கம், நாத்தனார் மறு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான்காவது ரோமத்தில்தான் நூல்காரிக்கு வாய் வந்தது.

"காலையில நான் சொன்னது..."

"விடு. கோவத்துல சொன்னது" என்றார் நாத்தனார். "முன்னாடியும் சொல்லியிருக்க. நானும் சொல்லியிருக்கேன்."

இன்னும் இரண்டு ரோமம் போனது.

"அண்ணி, நேத்தே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்ல?"

நாத்தனார் சாணிக் கட்டி ஒன்றை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா?"

சரி போடுங்கள் என்றிருப்பேன், சாவியையும் கொடுத்திருப்பேன், ஒத்தக்காதுக்கும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள் என்று சொல்லத்தான் நூல்காரி வாயைத் திறந்தாள். அந்தப் பொய் தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நேற்றைய தன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வைக்கோலைப் பிடுங்கி வெளியில எறிஞ்சிருப்பேன்" என்றாள். "உங்களையும் அண்ட விட்டிருக்க மாட்டேன். கொட்டகைக்கும் ஒரு பூட்டு போட்டிருப்பேன்."

நாத்தனார் கையிலிருந்த சாணிக் கட்டியைக் கீழே போட்டார். மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அடுத்த ரோமம் வந்து விழுந்தது. இருவரும் ஒரே ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார்கள்.